காய்ச்சலும் சர்க்கரையும்: பாலாற்றுத் தோல் தொழில் வட்டாரத்தில் சுவாச வைரஸ்களுக்கும் நாட்பட்ட நோய்களுக்கும் உள்ள உறவு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தொடரும் ஊர்கள் தோலால் வாழ்பவை. 2019 நவம்பர் வரை இவை யாவும் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. டேனரியில் தோல் பதனிடுவோரும், ஷூ கம்பெனியில் மேற்பகுதி தைக்கும் பெண்களும், குடியாத்தம் பக்கத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோரும் இந்த வட்டாரத்தின் உழைக்கும் மக்கள்.

இந்தத் தொழிலால் ஆற்றுக்கும் விளைநிலத்துக்கும் நேர்ந்த சேதம் நீதிமன்றப் பதிவுகளில் நிறைந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் கடுமையாகத் தீர்ப்பளித்தது. இங்கு உழைப்பவர்களின் நுரையீரலிலும் இரத்தத்திலும் நடப்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இக்கட்டுரை அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. இன்ஃபுளுயன்சா, கொரோனா போன்ற சுவாச வைரஸ்கள் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள உடலில் என்ன செய்கின்றன? அந்தத் தொற்று திரும்ப உடலின் சர்க்கரைக் கட்டுப்பாட்டை எப்படிக் குலைக்கிறது? இவ்விரண்டையும் இறுக்கிப் பிணைக்கும் உள்ளூர்ச் சூழல்கள் எவை? இதன் வாதம் ஒன்றே: காய்ச்சலை ஒரு துறையும் சர்க்கரையை இன்னொரு துறையும் தனித்தனிப் பதிவேட்டில் வைத்துப் பார்ப்பது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது; இரண்டையும் ஒரே நோயாளியின் ஒரே பிரச்சினையாகக் கையாள வேண்டும், அதுவும் வேலைத்தளத்திலேயே தொடங்க வேண்டும்.

2. வட்டாரத்தின் உடல்

2.1 வேலூர்ப் பிறப்புத் தொகுதி ஆய்வு

சர்க்கரை நோயின் தோற்றம் குறித்து உலகம் அறிந்தவற்றுள் ஒரு பங்கு வேலூரிலிருந்து கிடைத்தது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் அருகிலுள்ள கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம் முதலியவற்றைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் (சி.எம்.சி.) அளந்து பதிந்து வைத்தனர். அந்தக் குழந்தைகள் இளைஞர்களான பின் அவர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் சோதித்தபோது, சராசரி 28 வயதுள்ள 2,218 பேரிடம் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைபாடு எதிர்பாராத அளவுக்குப் பரவியிருந்தது தெரிந்தது. குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின்னர் வளரிளம் பருவத்திலும் வாலிபத்திலும் வேகமாக எடை கூடியவர்களே அதிக ஆபத்தில் இருந்தனர்.

2.2 மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் காட்டியது போல, இந்திய உடல் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் அமைகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது என்றும் தனி வரம்புகள் வகுக்கப்பட்டன. தையல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஒல்லியாகத் தெரிகிறார் என்பதற்காக அவருக்குச் சர்க்கரை இருக்காது என்று முடிவு கட்ட முடியாது.

2.3 பரவலும் உணவும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், சுமார் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் 2023இல் கணக்கிட்டது. பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி, இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. இந்த வட்டாரத்தில் காலை இட்லி, மதியம் டிபன் பாக்ஸில் சோறு, மாலை ஷிஃப்ட் முடிந்ததும் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கெட்டும் என்று நாள் போகிறது. ஆம்பூருக்குப் பெயர் வாங்கித் தந்த சீரகச் சம்பா பிரியாணி வாரத்தில் ஒரு நாள் உணவு. ஆபத்து அதைவிட அன்றாடத் தட்டில் பருப்பும் காய்கறியும் முட்டையும் குறைந்து, வெள்ளை அரிசியே நிறைந்திருப்பதில் இருக்கிறது.

3. இருவழிப் பாதை: உடலுக்குள் நடப்பவை

3.1 சர்க்கரை தொற்றுக்கு இடம் கொடுப்பது

மூச்சுப்பாதையின் உட்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் குளுக்கோஸ் மிகக் குறைவு. இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கிருமிக்குத் தீனி கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும் இயற்கையின் ஏற்பாடு இது. இரத்தச் சர்க்கரை நீண்ட நேரம் உயர்ந்திருந்தால் இந்தப் படலத்துக்குள்ளும் குளுக்கோஸ் கசிகிறது. வைரஸ் உட்சுவரைப் புண்ணாக்கியிருக்கும் வேளையில், பாக்டீரியா அங்கே எளிதாக வேர்பிடித்து நிமோனியாவை உண்டாக்க இது வழி செய்கிறது. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களும் உயர் சர்க்கரையில் மந்தமாகின்றன. முதல் வரிசைக் காவல் இப்படித் தளர்ந்திருக்கும்போது அழற்சி அளவு மீறி எழும்பி நுரையீரலையே தாக்குகிறது.

3.2 கொழுப்புத் திசுவின் பங்கு

வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது ஓயாமல் சுரக்கிறது. உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் அடிப்பகுதி விரிவதையும் தடுக்கிறது. பருமனானவர்கள் இன்ஃபுளுயன்சா வைரஸை மற்றவர்களைவிட நீண்ட நாள் வெளியேற்றுகிறார்கள் என்று நிகராகுவாவில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. கொரோனா வைரஸ் கொழுப்பு அணுக்களுக்குள்ளேயே புகுந்து அங்கே அழற்சியைக் கிளப்பும் என்பதும் பின்னர் உறுதியானது.

3.3 தொற்று சர்க்கரையை ஏற்றுவது

எதிர்த்திசையும் அதே அளவு முக்கியம். காய்ச்சலின்போது கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கலக்கவிடுகின்றன. நோயாளி ஒரு வாய்கூடச் சாப்பிடாத நாளிலும் குளுக்கோமீட்டர் 280, 300 என்று காட்டுவது இதனால்தான். குரோஷியாவின் ரியேக்கா பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றை வெளிப்படுத்தியது. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, தசைகளில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. மெலிந்த, நலமான எலிகளில் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து இதைச் சரிக்கட்டியது. பருமனான எலிகளில் சரிக்கட்ட முடியவில்லை, சர்க்கரை கட்டுமீறியது.

இந்த முடிவை வேலூர்ப் பிறப்புத் தொகுதி ஆய்வோடு சேர்த்து வாசித்தால் வட்டாரத்தின் நிலை தெளிவாகும். 28 வயதிலேயே பலரிடம் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருந்த மக்கள் இவர்கள். மற்றவர்க்கு மூன்று நாள் சளிக்காய்ச்சலாகக் கடந்துபோவது, இவர்களில் பலருக்கு ஒளிந்திருந்த சர்க்கரை நோய் முதன்முதலாக வெளியே வரும் தருணமாகிவிடுகிறது.

3.4 இரத்தநாளமும் இதயமும்

அழற்சி இரத்தத்தை உறையத் தூண்டுகிறது. நாளச் சுவரில் படிந்த கொழுப்புக் கட்டியை வெடிக்கவும் செய்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாள்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றக் காலத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. ஃபுளூவுக்குப் பின் வரும் நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

4. சான்றுகள்: இரு பெருந்தொற்றுகள் கற்றுத் தந்தவை

4.1 2009 ஹெச்1என்1

பன்றிக்காய்ச்சல் என்று நம் மக்கள் அழைத்த இந்தத் தொற்றில்தான் உடல் பருமன் தனியொரு ஆபத்துக் காரணியாக முதலில் பரவலாக உணரப்பட்டது. கனடாவின் கியூபெக்கில், சர்க்கரை நோயாளிகள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மூன்று மடங்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு நான்கு மடங்கும் உயர்ந்தது.

4.2 2020: தமிழ்நாடும் ஆந்திரமும்

இவ்விரு மாநிலங்களின் தொடர்புத் தடம் தேடும் பணியைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு, 84,965 நோயாளிகளோடும் அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரோடும் அமைந்தது. இறந்தோரில் 45 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும், 36 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து இறப்புவரை இடைப்பட்ட காலம் நடுமதிப்பில் 5 நாள்தான். அமெரிக்காவில் அது 13 நாள். நம் மக்கள் மருத்துவமனை வாசலை அடைவதற்குள் நோய் முற்றிவிடுகிறது என்பதே இதன் பொருளாகத் தோன்றுகிறது.

4.3 2021: சி.எம்.சி. பணியாளர்கள்

இரண்டாம் அலையின்போது சி.எம்.சி. தன் பணியாளர்களையே ஆராய்ந்தது. ஏறத்தாழ 10,600 பேரில் 8,991 பேர் தடுப்பூசி பெற்றிருந்தனர், பெரும்பாலோர்க்குக் கோவிஷீல்டு. இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 விழுக்காடும், மருத்துவமனைச் சேர்க்கையிலிருந்து 77 விழுக்காடும், ஆக்சிஜன் தேவைப்படுவதிலிருந்து 92 விழுக்காடும், தீவிர சிகிச்சையிலிருந்து 94 விழுக்காடும் பாதுகாப்புக் கிடைத்தது. பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து அதுவரை உயிரிழந்த ஒரே பணியாளர் பல இணைநோய்கள் உடையவர், தடுப்பூசி போடாதவர் என்றும் அவ்வாய்வு பதிந்தது. ஆபத்தும் அதற்கான காப்பும் ஒரே பதிவில் நின்றன.

4.4 கரும்பூஞ்சை

2021 மே மாதம் தமிழ்நாடு அரசு கரும்பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. வைரஸ், கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்து என்ற மூன்றும் ஒரே உடலில் சேர்ந்ததன் விளைவு அது. ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காக்கும் என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020இல் நிறுவியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்க்கு அதனால் பயனில்லை என்று கூறியதும் அதே ஆய்வுதான். இரண்டாவது பாதி பல இடங்களில் காதில் ஏறவில்லை.

4.5 தொற்றுக்குப் பின்

அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு, கொரோனாவிலிருந்து மீண்டவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியிருந்ததை 2022இல் காட்டியது. காய்ச்சல் தணிந்த நாளோடு கணக்கு முடிவதில்லை.

5. வேலைத்தளம் என்னும் மூன்றாம் காரணி

5.1 தூசியும் வாயுவும்

தோலின் மேற்பரப்பைத் தேய்க்கும் பஃபிங் எந்திரத்தில் தோலைக் கொடுத்து வாங்குகிறவரின் புருவத்திலும் முன்கை மயிரிலும் தோல்தூசி மாவாகப் படிகிறது. பல இடங்களில் மூக்கை மறைப்பது கைக்குட்டை மட்டுமே. சுண்ணாம்பும் சல்ஃபைடும் புழங்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் அம்மோனியா, ஷூ ஒட்டும் பிரிவில் பசையின் கரைப்பான் ஆவி என ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மூச்சுத் தொல்லை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தோல்தூசியை மனிதர்க்குப் புற்றுநோய் தருவதாக முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கான்பூர் டேனரிகளில் 2008இல் வெளியான ஆய்வில், தொழிலாளர்களிடம் காணப்பட்ட நோய்களில் ஆஸ்துமா உள்ளிட்ட சுவாச நோய்களே முதலிடம் பெற்றன. ஏற்கெனவே எரிச்சலுற்றிருக்கும் மூச்சுக்குழலில் வைரஸ் இறங்கும்போது, மற்றவரிடம் தொண்டையோடு நிற்பது இவர்களிடம் நெஞ்சுவரை போகிறது.

5.2 நெருக்கம்

கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் தோளோடு தோள் ஒட்டி வருகிறார்கள். தையல் வரிசையில் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தவர். ஒருவருக்கு இருமல் என்றால் வாரத்துக்குள் வரிசைக்கே இருமல்.

5.3 ஊதியமும் ஈ.எஸ்.ஐ.யும்

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டம் இந்தத் தொழிலாளர்களுக்குப் பெரும் துணை. நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள்வரை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். அதற்குப் பணம் இல்லை. ஃபுளூ பிறருக்கு மிகுதியாகப் பரவுவது அந்த முதல் நாள்களில்தான். அதே நாளில்தான் தொழிலாளி பாராசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேன் ஏறுகிறார். வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு மட்டுமே. படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஓய்வின்மை காய்ச்சலை நீட்டுகிறது, நீண்ட காய்ச்சல் சர்க்கரையைக் குலைக்கிறது.

6. வீட்டிலும் மருந்துக்கடையிலும்

காய்ச்சல் என்றதும் நம் வீடுகளில் நடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம்.

(அ) உணவு: பாலும் பிரெட்டும், ரஸ்க்கும் சர்க்கரை போட்ட கஞ்சியும் நோயாளி உணவென்று நிலைத்துவிட்டன. இவற்றில் பெரும்பாலானவை விரைவில் சர்க்கரையாக மாறுபவை. இட்லியோடு பருப்பு, முட்டை, மோர், ரசம் போன்றவை நோயாளிக்கு ஒத்துக்கொள்ளும்; சர்க்கரையையும் இந்த அளவுக்கு ஏற்றா.

(ஆ) டிரிப்: உடம்பு அசதிக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி நோயாளியே கேட்கிறார். 500 மி.லி. கொண்ட 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. வாயால் நீர் அருந்தக்கூடிய சர்க்கரை நோயாளிக்கு இதனால் நன்மையைவிடத் தீமையே மிகுதி.

(இ) செட் மாத்திரை: சீட்டில்லாமல் கடையில் கட்டிக் கொடுக்கும் இந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ஒரே நாளில் காய்ச்சல் இறங்கும், சர்க்கரை ஏறும். உடம்பு தேறியதாகத் தோன்றுவதால் நோயாளி மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகிறது.

(ஈ) மருந்தை நிறுத்துதல்: "காய்ச்சல்ல சோறே எறங்கல, அதான் சுகர் மாத்திரை போடல" என்பது இங்கு எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் கேட்கும் சொல். அந்த அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைச் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம். வாந்தியும் நீரிழப்பும் உள்ளபோது மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின் வகையையும் மருத்துவர் சொற்படி சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டாவது வகையில், மீட்டரில் அளவு மிக உயராமலே கீட்டோன் நஞ்சேற்றம் நேரக்கூடும். இன்சுலின் போடுபவரோ அதை ஒருபோதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முன்கூட்டியே சொல்லித்தராமல் நோயாளியைக் குறை சொல்வது முறையன்று.

(உ) நோன்புக் காலம்: ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் ரமலான் மாதத்தில் சர்க்கரை நோயாளிகள் பலர் நோன்பிருக்கிறார்கள். காய்ச்சலோடு நோன்பைத் தொடர்வது நீரிழப்பையும் சர்க்கரைக் குலைவையும் ஒருசேரக் கொண்டுவரும். நோயுற்றவர் பிந்திய நாள்களில் நோன்பை ஈடுசெய்ய மார்க்கமே இடம் தருகிறது. மருத்துவரும் பள்ளிவாசல் இமாமும் ஒரே சொல்லைச் சொன்னால் மக்கள் தயங்காமல் கேட்பார்கள்.

7. செய்யத்தக்கவை

7.1 பருவம் அறிந்து தடுப்பூசி

வட இந்தியாவின் பல நகரங்களில் இன்ஃபுளுயன்சா தென்மேற்குப் பருவமழையோடு உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் அந்த உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் என்று இந்தியக் கண்காணிப்பு ஆய்வு 2015இல் காட்டியது. ஆகவே இங்கே தடுப்பூசி செப்டம்பருக்குள் போடப்பட வேண்டும். மாரடைப்புக்குப் பின் ஃபுளூ தடுப்பூசி போட்டவர்களிடம் இறப்பு குறைந்ததைப் பன்னாட்டு ஆய்வொன்று 2021இல் நிறுவியிருக்கிறது. சர்க்கரை, இதய, சிறுநீரக நோய் உள்ள தொழிலாளிக்கு இந்த ஊசியை ஈ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகவோ கம்பெனிச் செலவிலோ தருவது வீண்செலவாகாது.

7.2 இருக்கும் திட்டங்களை இணைத்தல்

2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் அதைத் தொழிற்கூடங்களுக்குள் எடுத்துச் சென்றது. வலுவான அடித்தளம் இது. இதில் சேர்க்க வேண்டியவை இரண்டு: மாத்திரை தரும் களப்பணியாளர் காய்ச்சல், இருமல் பற்றிக் கேட்டுப் பதிய வேண்டும், காய்ச்சல் முகாமில் முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை பார்த்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனையும் கட்டாயம், ஏனெனில் சர்க்கரை நோய் காசநோய்க்கும் கதவு திறக்கிறது.

7.3 கம்பெனியின் முதலுதவி அறை

பிரஷர் மிஷின் இருக்கும் மேசையிலேயே ஒரு குளுக்கோமீட்டரும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், காய்ச்சல் நாளில் எந்த மருந்தை என்ன செய்வது என்று தமிழிலும் உருதுவிலும் அச்சிட்ட அட்டையும் இருக்கலாம். சர்க்கரை 250ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அன்றே ஆம்பூர் அரசு மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும் என்பது அந்த அட்டையின் முதல் வரியாக இருக்கட்டும். பஃபிங் பிரிவில் தூசி உறிஞ்சும் குழாயும் தரமான முகக்கவசமும் நுரையீரலுக்குத் தரும் காப்பு, வைரஸ் வரும் நாளிலும் கைகொடுக்கும்.

7.4 முதல் இரண்டு நாள்

மேற்சொன்ன எதுவும் ஊதியத்தோடு கூடிய இரண்டு நாள் நோய் விடுப்பு இல்லாமல் முழுப்பயன் தராது. காத்திருப்புக் காலத்தின் அந்த இரண்டு நாள் கூலியை, காய்ச்சல் பருவத்திலாவது, நிர்வாகம் ஏற்க வேண்டும். வரிசை முழுவதும் இருமிக்கொண்டு நிற்கும் வாரத்தில் ஏற்படும் உற்பத்தி இழப்போடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

8. முடிவுரை

வைரஸ் சர்க்கரை நோயாளியைத் தேடிப் பிடிப்பதில்லை, எல்லோரிடமும் வருகிறது. யாரிடம் தங்கி அழிவு செய்கிறது என்பதை இளமையிலேயே தளர்ந்த கணையமும், தூசி தின்ற மூச்சுக்குழலும், விடுப்பெடுக்க முடியாத கூலியும் தீர்மானிக்கின்றன. இவற்றில் முதலாவதை மாற்றத் தலைமுறை ஆகும். இரண்டாவதும் மூன்றாவதும் இந்த ஆண்டே மாற்றக்கூடியவை. இந்த வட்டாரத்தில் நாட்டின் தலைசிறந்த மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, வீடு தேடிவரும் அரசுத் திட்டம் இருக்கிறது, உலகச் சந்தைக்கு ஷூ அனுப்பும் கம்பெனிகளும் இருக்கின்றன. இவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் ஒரே பதிவேட்டைத் திறக்க வேண்டும். அடுத்த அக்டோபருக்கு முன்னரே அதைத் தொடங்கிவிட முடியும். அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.